கட்டைப் பிரித்ததால் கை மடங்கவில்லை

வட மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருடைய எட்டு வயது மகன் ஏழு மாதங்களுக்கு முன் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில், வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. அன்று மாலையே வீட்டுப் பெரியவர்கள் அவனை எலும்பு கட்டுபவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் தப்பைகளை வைத்து, துணியால் இறுகச் சுற்றிக் கட்டினார். அன்றிரவு முழுவதும் பையன் அலறியிருக்கிறான். மறுநாள் கட்டியவரிடமே போய்க் கேட்டபோது, மணிக்கட்டில் நாடி பார்த்துவிட்டு, “ரத்தம் நன்றாகத்தான் ஓடுகிறது, இது எலும்பு கூடுகிற வலி” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் காலையில் விரல்கள் கருநீலமாகி, கட்டின் ஓரத்தில் கொப்புளங்கள் தெரிந்ததும், இந்தத் தாய் யார் தடுத்தும் கேளாமல் கத்தரிக்கோலால் கட்டை வெட்டியெடுத்துவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கி, ஐந்து விரல்களும் உள்ளங்கையை நோக்கிச் சுருண்டு நிற்கின்றன. மணிக்கட்டை இன்னும் மடக்கினால் விரல்கள் ஓரளவு விரிகின்றன, நிமிர்த்தினால் இறுகிக்கொள்கின்றன. சென்ற மாதம் சூடான ரசக் கிண்ணத்தைத் தொட்டு ஆட்காட்டி விரலில் கொப்புளம் வந்தது. பையனுக்கே அது தெரியவில்லை. உறவினர்கள் நரம்பு சுருண்டுவிட்டது என்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவிவிட வாரம் இருமுறை ஒருவர் வருகிறார். தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மணிக்கட்டில் தொங்கவிடவும் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையிலோ அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். உருவிவிடுவதால் கை நிமிருமா, அறுவைச் சிகிச்சை செய்தால் இருப்பதும் போய்விடுமா, கட்டியவர் மீது புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கும் அந்தத் தாய், கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “நான் அவசரப்பட்டுக் கட்டைப் பிரித்ததால்தான் கை இப்படி ஆனது என்று என் மாமியாரும் கணவரும் சொல்கிறார்கள். அது உண்மையா, டாக்டர்?”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்கிறேன். அது உண்மையில்லை. கட்டைப் பிரித்ததால் உங்கள் மகனின் கை மடங்கவில்லை. நீங்கள் பிரிப்பதற்கு முன்பே, பெரும்பாலும் அந்த முதல் இரவிலேயே, பாதிப்பு நடந்து முடிந்திருக்க வேண்டும். நீங்கள் பிரிக்காமல் விட்டிருந்தால் விரல்களோ கையோ அழுகி, வெட்டியெடுக்க நேர்ந்திருக்கலாம். அப்படிக் கறுத்துப்போன கையோடு ஒரு வாரம் கழித்துக் கொண்டுவரப்படும் குழந்தைகளை எங்கள் துறையில் இருப்பவர்கள் அனைவரும் பார்த்திருக்கிறோம். இந்தப் பதிலை உங்கள் கணவரும் மாமியாரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் குழந்தைக்குப் பல ஆண்டுகள் சிகிச்சையும் பயிற்சியும் தேவைப்படும். அந்தக் காலம் முழுவதும் கூடவே இருக்கப்போகிற தாய், செய்யாத தவற்றைச் சுமந்துகொண்டிருக்கக் கூடாது.

முன்கைக்குள் நடந்தது என்ன

முன்கையில் உள்ள தசைகள் தொகுதி தொகுதியாகப் பிரிந்து, ஒவ்வொரு தொகுதியும் எளிதில் விரியாத தடித்த உறை ஒன்றுக்குள் அடைபட்டிருக்கிறது. எலும்பு முறிந்தால் உள்ளே ரத்தம் கசியும், தசைகள் வீங்கும். வெளியே தப்பையும் துணியும் இறுக்கிப் பிடித்திருக்கும்போது உள்ளே வீக்கம் ஏறுவது, இறுகத் தைத்த தலையணை உறைக்குள் மேலும் மேலும் பஞ்சைத் திணிப்பதைப் போன்றது. அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. ரத்தம் இல்லாமல் தசை ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். 6 முதல் 8 மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பகுதி இறந்துபோகும். இறந்த தசை பிறகு மெல்ல மெல்ல நாராக மாறிச் சுருங்குகிறது. இதற்கு வோல்க்மன் தசைச் சுருக்கம் என்று பெயர்.

உங்கள் மகனின் நாடியைப் பார்த்து ரத்தம் ஓடுகிறது என்று சொல்லப்பட்டதல்லவா, அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மணிக்கட்டில் துடிக்கும் பெரிய ரத்தக்குழாயை அடைக்க மிக அதிக அழுத்தம் வேண்டும். தசைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் அதைவிட வெகு குறைந்த அழுத்தத்திலேயே மூடிவிடும். ஆகவே நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதே தசை செத்துக்கொண்டிருக்க முடியும். நாடி இருப்பது ஆறுதல் தரலாம். அதை மட்டும் நம்பி ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

முதலில் பாதிக்கப்படுவது எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் தசைகள்தான். விரல்களின் நுனியை மடக்கும் தசையும், கட்டைவிரலை மடக்கும் தசையும் அங்கே இருக்கின்றன. அவை சுருங்கி நீளம் குறைந்துவிட்டதால்தான் மணிக்கட்டை மடக்கும்போது சற்றுத் தளர்ந்து விரல்களை விரிய விடுகின்றன, நிமிர்த்தும்போது இழுபட்டு விரல்களை மடக்குகின்றன. நீங்கள் வீட்டில் கவனித்து எழுதியிருப்பது, இந்த நோயைக் கண்டறிய நாங்கள் செய்து பார்க்கும் அதே சோதனைதான். விரல் மூட்டுகள் முற்றிலும் இறுகிவிடவில்லை என்பதையும் அது காட்டுகிறது. இது நல்ல செய்தி.

நரம்பு சுருண்டுவிட்டது என்று உங்கள் உறவினர்கள் நினைப்பதில் வியப்பில்லை. 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலரும் இறுக்கமான கட்டு நரம்பை அழுத்தி முடக்கிவிடுவதாகவே நம்பினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஃபோன் வோல்க்மன், 1881-இல் எழுதிய கட்டுரையில், ரத்தம் தடைபட்டுத் தசையே அழிவதுதான் காரணம் என்று விளக்கினார். நரம்புக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது வேறு விதம். முன்கையின் நடுவே ஓடி, கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்கு உணர்ச்சி தரும் நரம்பு, நாராகிப்போன தசைகளுக்கு நடுவே சிக்கி நெரிபடுகிறது. சூட்டை உணராத அந்த ஆட்காட்டி விரல் இதைத்தான் சொல்கிறது. கடிதம் முழுவதிலும் என்னை அதிகம் கவலைப்படவைத்த செய்தியும் அதுவே.

உருவிவிடுவதை இன்றே நிறுத்துங்கள்

எண்ணெய் போட்டு உருவிவிடுபவர் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இங்கே சுருங்கியிருப்பது உயிருள்ள தசை இல்லை, நார். அதை வலுவாக இழுத்தால் நீளாது, கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் கசிந்து, ஆறும்போது மேலும் நார் படியும். முறிந்து கூடிய முழங்கையைப் பலமாக நீவி இழுப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது: மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கி, முழங்கையும் இறுகிவிடலாம். தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுவதும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோலில் கயிறு அறுத்துப் புண்ணானாலும் அவனுக்குத் தெரியாது.

இழுத்து நீட்டுவதே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். கைக்கான பிசியோதெரபி தெரிந்தவர், முதலில் மணிக்கட்டை மடக்கி விரல்களை விரித்து, விரல்களை விரித்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெல்ல மெல்ல நிமிர்த்துவார். வலி எல்லையைத் தாண்டாமல், ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். கிடைத்த நீளம் மறுபடி போய்விடாதபடி, அந்த நிலைக்கேற்ப வார்த்த பிளாஸ்டிக் தாங்கியை இரவில் அணிவிப்பார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அதன் கோணத்தை மாற்றுவார்கள். அறுவைச் சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்தப் பயிற்சி தேவை. விரல் மூட்டுகள் தளர்வாக இருந்தால்தான் எந்த அறுவைச் சிகிச்சையும் பலன் தரும்.

அறுவைச் சிகிச்சையில் எது, எப்போது

“இருப்பதும் போய்விடுமோ” என்று நீங்கள் அஞ்சுவது இயல்பு. கையை நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இது நடுத்தர அளவிலான பாதிப்பு என்று தோன்றுகிறது. ஒன்றிரண்டு விரல்கள் மட்டும் மடங்கி, உணர்ச்சி குறையாமல் இருந்தால் அது லேசானது. பயிற்சியும் தாங்கியுமே பல நேரம் போதும். முன்கையின் முன்புறத்தோடு பின்புறத் தசைகளும் செத்திருந்தால் கடுமையானது. உங்கள் மகன் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு டம்ளரைப் பிடிக்கிறான், விரல்களைச் சிறிதளவு தானே அசைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உயிருள்ள தசை மிச்சம் இருக்கிறது என்று நான் நம்புவது அதனால்தான்.

முதல் வேலை நரம்பை விடுவிப்பது. ஏழு மாதம் ஆகியும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் இதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை. நரம்பு மீண்டும் வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். முழங்கைப் பக்கத்திலிருந்து விரல் நுனி வரை அது போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். குழந்தைகளின் நரம்பு பெரியவர்களுடையதைவிட நன்றாகத் தேறும் என்பதால், இந்த வயதை வீணாக்கக் கூடாது.

நரம்பை விடுவிக்கும்போதே தசைக்கும் வழி செய்யலாம். தசைகளில் அசைவு ஓரளவு மிச்சமிருந்தால், அவை முழங்கையின் உள்பக்கத்திலும் முன்கை எலும்பிலும் தொடங்கும் இடத்தைப் பெயர்த்து, அப்படியே கீழே நகர்த்துவார்கள். தசையின் நீளம் மாறாது. ஆனால் தொடக்கம் கீழே வந்துவிட்டதால் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்த முடியும். பிடியின் வலு சற்றுக் குறையலாம். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை மட்டும் வெட்டி நீளமாக்கித் தைப்பது எளிதான சிகிச்சைதான் என்றாலும், வளரும் குழந்தையிடம் அதை மட்டும் செய்தால் வலுவும் குறைந்து, சுருக்கமும் திரும்பி வருவதுண்டு.

ஆழத்துத் தசைகள் முற்றிலும் செத்திருந்தால், முன்கையின் பின்புறத்திலும் வெளிப்பக்கத்திலும் தப்பித்திருக்கும் தசைகளின் நாண்களை முன்புறத்துக்குத் திருப்பி, விரல்களையும் கட்டைவிரலையும் மடக்கும் நாண்களோடு இணைப்பார்கள். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றைக் கடன் வாங்கினாலும் அந்த வேலையைச் செய்ய இன்னொன்று இருக்கும். ஆகவே இருப்பது போய்விடுவதில்லை. தசைநாணை இடம் மாற்றும் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் பிற்பகுதியிலேயே, தொழுநோயால் விரல் மடங்கிப்போன கைகளை இந்த முறையில் மீட்கத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, மணிக்கட்டை நிமிர்த்துவதாக நினைத்தால் விரல் மடங்கும். புதிய வேலையைக் கை பழகிக்கொள்ளப் பயிற்சி தேவை. குழந்தைகள் இதைப் பெரும்பாலும் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கும் தசை கிடைக்காத கடுமையான நிலையில், தொடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு தசையை அதன் ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, நுண்ணோக்கியின் உதவியால் முன்கையில் பொருத்துவார்கள். நடையில் குறை தெரியாது. புதிய தசை அசையத் தொடங்கப் பல மாதங்கள் ஆகும். உங்கள் மகனுக்கு இது தேவைப்படாது என்றே எண்ணுகிறேன். ஆனால் யாராவது இதைச் சொன்னால் பயப்படாமல் இருப்பதற்காக எழுதுகிறேன். மணிக்கட்டு எலும்புகளை ஒன்றாக இணைத்து நிமிர்த்தும் முறை வளர்ந்து முடிந்தவர்களுக்கானது. எட்டு வயதில் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எலும்பு வளரும், நார் வளராது. அதனால் எதுவும் செய்யாமல் விட்டால், அவன் உயரம் கூடக்கூடக் கை இன்னும் மடங்கும். நன்றாக நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், வளர்ச்சி முடியும் வரை இரவுத் தாங்கியும் பரிசோதனையும் தொடர வேண்டும். மறுபடி ஒரு சிறு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். இடது கையைப் போல வலது கை ஆகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சட்டைப் பொத்தான் போடுவது, சைக்கிள் கைப்பிடியைப் பிடிப்பது, தட்டிலிருந்து சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது, இவற்றை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

எங்கே போவது, செலவுக்கு என்ன செய்வது

பொதுவான எலும்பு மருத்துவரைவிட, கை அறுவைச் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு உள்ள இடத்துக்குப் போவது நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-இல் தொடங்கப்பட்ட தனித்துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி உண்டு. எந்தச் சிகிச்சை எந்த அளவுக்கு அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இயக்கக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவச் சான்று கிடைத்தால், கல்வியிலும் உதவித்தொகையிலும் அவனுக்கு உரிமைகள் உண்டு. சான்று வாங்கினால் பிள்ளையின் மீது முத்திரை விழுந்துவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள், கை தேறினால் மறுமதிப்பீடு செய்துகொள்ளலாம்.

புகார் பற்றி

நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் பெண்களும் குழந்தைகளும் வருமானக் கணக்கின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதை அறிவேன். உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். ஒரு நேர்மையான எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். முழங்கைக்கு மேல் இப்படி எலும்பு முறியும்போது, முறிந்த முனையே ரத்தக்குழாயை அழுத்தி, கட்டே இல்லாமலும் இந்தச் சுருக்கம் வரலாம். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டின் கீழும் வரலாம். உங்கள் மகன் விஷயத்தில், வலி கூடியபோது கட்டைத் தளர்த்தாததுதான் பெருந்தவறு என்பது என் கருத்து. மூன்றாம் நாளில் மருத்துவமனையினர் ஏன் உடனே தசை உறையைக் கீறி உள்ளிருக்கும் அழுத்தத்தைக் குறைக்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் சில மணி நேரத்தில் அது கையைக் காப்பாற்றும்; தசை செத்து இரண்டு நாள் ஆனபின் கீறினால், செத்த தசையில் கிருமி புகுந்து கையையே இழக்க நேரலாம். அதனால் அவர்கள் தயங்கியதில் நியாயம் இருந்திருக்கக்கூடும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இன்னொரு குழந்தைக்குக் கை முறிந்தால் கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். சரியாகக் கட்டிய எலும்பின் வலி, நேரம் போகப் போகக் குறைய வேண்டும். கூடினால், மருந்து கொடுத்தும் அடங்காவிட்டால், விரல்களை மெல்ல நிமிர்த்தும்போது குழந்தை துடித்தால், அது எலும்பு கூடுகிற வலி இல்லை. விரல் நீலமாகும்வரை, மரத்துப்போகும்வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும், யார் போட்ட கட்டானாலும், அதை அடி முதல் நுனி வரை பிரித்துத் தளர்த்திவிட்டு, அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எலும்பு விலகினால் மறுபடி சேர்க்கலாம்.

இனி உங்கள் மகனிடம் வருகிறேன். அவன் இடக்கையால் எழுதத் தொடங்கியிருப்பதை ஆசிரியர் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக இந்தப் பதிலையே பள்ளியில் காட்டுங்கள். வலக்கை தேறிய பிறகு எந்தக் கையால் எழுதுவது என்பதை அவனே முடிவுசெய்துகொள்வான். நகங்களை ஒட்ட வெட்டி, உள்ளங்கை மடிப்புகளைத் தினமும் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள். மடங்கிய விரல்களின் நகம் அங்கே குத்திப் புண்ணாவது வழக்கம். சூடான எதையும் தொடுமுன் இடக்கையால் தொட்டுப் பார்க்கும்படி பழக்குங்கள். கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது, முறிந்த அன்று முதல் எடுத்த எக்ஸ்ரே படங்கள், மருத்துவமனைச் சீட்டுகள், கட்டைப் பிரித்த நாளில் நீங்கள் கைபேசியில் எடுத்ததாகச் சொன்ன புகைப்படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நரம்பின் கடத்தும் திறனைப் பார்க்கும் சோதனையையும், தேவைப்பட்டால் எந்தத் தசை உயிரோடிருக்கிறது என்று காட்டும் ஸ்கேனையும் அவர்கள் கேட்பார்கள். பள்ளி விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாமல், இந்த மாதத்துக்குள் போய்விடுங்கள்.